மலை மேல பள்ளிப் பசங்களுக்கு இயற்கை முகாம் கட்டப் போறோம், சுவர், கூரை, கழிப்பறை எல்லாத்துக்கும் யோசனை வேணும்

சாமைக்காடு:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க ஒரு சின்ன அறக்கட்டளை, வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர் சுத்துவட்டார அரசுப் பள்ளிகள்ல ஆறாவதுலருந்து ஒம்பதாவது படிக்கிற பசங்களை வார இறுதியில ஜவ்வாது மலைக்குக் கூட்டிட்டுப் போய் மரம், பறவை, பாறை, ஓடை இதெல்லாம் காட்டி பேசிட்டு சாயங்காலம் கூட்டிட்டு வந்துடுவோம். இப்போ ராத்திரி தங்கிப் படிக்கிற மாதிரி ஒரு முகாம் வேணும்னு ரொம்ப நாளா ஆசை, ஆலங்காயத்துலருந்து காவலூர் ஏறுற வழியில ஒரு நண்பர் குடும்பத்தோட பட்டா நிலம் ரெண்டரை ஏக்கர், நீண்ட குத்தகைக்குத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க.

நிலம் கிழக்குப் பாத்த சரிவு, மேல பாறை, நடுவுல கொஞ்சம் சமம், கீழ மழைக்காலத்துல மட்டும் ஓடுற ஓடை. ரெண்டு பழைய புளிய மரம், நாலஞ்சு பலா, கிணறு ஒண்ணு இருக்கு ஆனா சித்திரை வைகாசில வத்திடும். கரண்ட் கம்பம் தூரத்துல இருக்கு, இழுக்கணும்னா நிறைய செலவாகும். ஒரு தடவைக்கு 50 பசங்க, 6 பெரியவங்க, ரெண்டு ராத்திரி தங்குவாங்கன்னு கணக்கு. கையில இருக்கறது 25 லட்சம், அதுவும் மூணு தவணையா வரும்.

எங்க மனசுல இருக்கறது என்னன்னா வட்டமா மண் குடிசை ஒரு எட்டு, மேல கீத்து, நடுவுல ஒரு பெரிய கூரை போட்ட கூடம், சோலார், மக்குற கழிப்பறை. ஒரு தெரிஞ்ச டிசைனர் ஸ்டீல் ஃப்ரேம்ல ரெடிமேட் ரூம் வச்சு மேல பச்சைப் புல் வளர்த்துடலாம், மூணு மாசத்துல முடிஞ்சிடும்னு சொல்றார், படம் பாக்க அழகா இருக்கு ஆனா ஜவ்வாது மலைக்கு வந்து அந்த டப்பாக்குள்ள படுத்தா பசங்க என்ன கத்துக்குவாங்கன்னு எனக்கு உறுத்துது. மண்ணுல கட்டினவங்க, முகாம் நடத்துறவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. சுவருக்கு என்ன, கூரைக்கு என்ன, கழிப்பறை எந்த மாதிரி, எதை முதல்ல கட்டணும்?


மண்சுவர்_வேலு:

வணக்கம் தோழர். நான் பதினைஞ்சு வருஷத்துக்கு மேல மண்ணுல கட்டிட்டு இருக்கேன், பாதிக்கு மேல திருவண்ணாமலை, செங்கம் பக்கம்தான். முதல்ல சுவர்.

உங்க நிலத்துல மேல் மண்ணை ஒரு அடி தனியா எடுத்து ஓரமா குவிச்சு வச்சிடுங்க, அது பயிருக்கு, சுவருக்கு இல்ல. அதுக்குக் கீழ இருக்கற மண்ணை ஒரு கண்ணாடி பாட்டில்ல பாதி போட்டு தண்ணி ஊத்தி நல்லா குலுக்கி ஒரு நாள் வச்சிடுங்க, அடியில பருமணல், அது மேல நைஸ் மணல், அது மேல வண்டல், கடைசியா களி, அப்படி அடுக்கடுக்கா உக்காரும். ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட்டுல அமுக்கின மண் கல்லுக்குச் சொல்ற அளவு சுமாரா சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம். ஜவ்வாது அடிவாரத்துச் செம்மண் நிறைய இடத்துல இதுக்குப் பக்கத்துல வரும், களி கூடுதலா இருந்தா மணல் கலந்துக்கலாம். 5 சதவீதம் சிமெண்ட் போட்டு மெஷின்ல அமுக்கி நாலு வாரம் ஈரம் காயாம மூடி வச்சு எடுத்தா போதும், சூளை வேண்டாம், விறகு வேண்டாம். நம்ம பக்கம் செங்கச் சூளைக்கு எவ்வளவு மரம் எரியுதுன்னு உங்களுக்கே தெரியும், காட்டைப் பத்திப் பாடம் நடத்துற இடத்தை அந்தக் கல்லுல கட்ட மனசு வராது இல்லையா.

மண் எடுத்த குழியை மூடாதீங்க, அதை எங்க எடுக்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டா அதுவே மழைத்தண்ணி குளம் ஆயிடும். கடைக்காலுக்கு அங்கேயே கிடக்கற கருங்கல், பேஸ்மட்டம் கண்டிப்பா ரெண்டு அடி கல்லு கட்டடம், மண் சுவர் தரையைத் தொடவே கூடாது, கரையானுக்கும் சாரலுக்கும் அதுதான் மருந்து. உள்பூச்சு சுண்ணாம்பு பண்ணுங்க, கடுக்காய் ஊற வச்ச தண்ணியும் வெல்லமும் சேத்து அரைச்ச காரை. கடுக்காய் உங்க மலையிலேயே பொறுக்குறாங்க, வாங்கினா அந்த ஊர்க்காரங்களுக்கும் நாலு காசு வரும்.

வட்டக் குடிசை பாக்க அழகு, ஆனா படுக்கை போடும்போது இடம் வீணாகும், கூரை ஓரமும் தைக்கறது கஷ்டம். நீளமா, சரிவுக்குக் குறுக்கால, மேடு பள்ளம் வெட்டாத மாதிரி ரெண்டு கட்டடம் போட்டா செலவு நல்லா குறையும். கூரை கீத்து போடறதுல எனக்கு ஆட்சேபம் இல்ல, மூணு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், அவ்வளவுதான், சூடே தெரியாது.


டெல்டா_டீச்சர்:

வேலு சார் சொன்ன சுவர் விஷயம் எல்லாம் சரி, கடைசி வரிக்கு மட்டும் நான் கடுமையா மறுப்பு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

பசங்க படுக்கற இடத்துல கீத்து வேண்டவே வேண்டாம். 2004 ஜூலை 16, கும்பகோணம். ஒரு பள்ளிக்கூடத்துல 94 குழந்தைங்க நெருப்புல செத்துப் போனாங்க. சத்துணவு சமைக்கிற கொட்டகையில பிடிச்ச நெருப்பு கூரைக்குத் தாவி, குறுகலான படிக்கட்டு, வெளிய வர வழி இல்லாம. நான் அப்போ அந்த மாவட்டத்துலதான் வேலையில இருந்தேன், அதுக்கு அப்புறம் எங்க எல்லாப் பள்ளியிலயும் கீத்துக் கொட்டகையை அரசாங்கமே பிரிக்கச் சொல்லிச்சு. அதுக்கு மூணு வருஷம் முன்னாடி 2001 ஆகஸ்ட்ல ஏர்வாடியில ஒரு மனநலக் காப்பகத்துக் கீத்துக் கொட்டகையில சங்கிலி போட்டுக் கட்டி வச்சிருந்த 28 பேர் நெருப்புல செத்தாங்க. இந்த ரெண்டும் நடந்த மாநிலத்துல, இயற்கையா இருக்கட்டும்னு சொல்லி 50 பசங்களைக் கீத்துக்கு அடியில தூங்க வைக்கறது நியாயமே இல்ல. பகல்ல உக்காந்து பேசற திறந்த கொட்டகைக்கு, சுவரே இல்லாம நாலு பக்கமும் ஓடி வர்ற மாதிரி இருந்தா, அதுவும் சமையல்லருந்து நல்லா தள்ளி இருந்தா, அதைப் பத்தி யோசிக்கலாம். ராத்திரிக்குக் கூடாது.

ஓடு போட்டுட்டா வேலை முடிஞ்சுதுன்னும் நினைக்காதீங்க. தூங்கற கூடத்துக்கு ரெண்டு வாசல், எதிரெதிர் பக்கம், ரெண்டும் வெளிப்பக்கமா திறக்கணும், ராத்திரி வெளியிலருந்து பூட்டற வழக்கமே கூடாது. ஜன்னல்ல ஒண்ணு ரெண்டாச்சும் கம்பி இல்லாம, இல்லன்னா உள்ளருந்து கொண்டி தள்ளினா கம்பியோட திறக்கற மாதிரி வைங்க. கொசுவத்தி, மெழுகுவத்தி உள்ள வேண்டாம், வலை கட்டிடுங்க. சமையல் கட்டு தனியா, காத்து அடிக்கற திசைக்குக் கீழ்ப்பக்கமா. வந்த முதல் நாள் சாயங்காலமே பசங்களை ஒரு தடவை இருட்டுல வெளிய ஓட வச்சுப் பழக்கணும், அதுக்குன்னு முன்னாடி ஒரு சமமான திடல் விட்டு வைங்க.

பெற்றோர் நம்மள நம்பித்தான் பிள்ளையை அனுப்பறாங்க. மண்ணோ கல்லோ எதுல வேணும்னாலும் கட்டுங்க, இந்த விஷயத்துல மட்டும் விட்டுக் கொடுக்காதீங்க.


சாமைக்காடு:

டீச்சர், படிச்சிட்டு கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியல. கீத்து கிடையாது, முடிவு. எங்க குழுவுல எல்லாருக்கும் உங்க பதிவை அனுப்பிட்டேன். அப்போ கூரைக்கு வேற என்ன? மங்களூர் ஓடுன்னு யோசிச்சோம், ஆனா மலையில குரங்கு இருக்கு, காத்தும் ஜாஸ்தி.


மண்சுவர்_வேலு:

டீச்சர் சொல்றது சரி, படுக்கற இடத்துக்கு ஓடுதான். குரங்குக்கு ஒரு வழி இருக்கு. கைமரம், அது மேல ரீப்பர், அது மேல முதல்ல சீலிங் ஓடு, அதுக்கு மேல மங்களூர் ஓடுன்னு ரெண்டு அடுக்கா போடுங்க, மேல் ஓடு உடைஞ்சாலும் துண்டு பசங்க தலையில விழாது, நடுவுல இருக்கற காத்து இடைவெளி சூட்டையும் குறைக்கும், கேரளாவுல பழைய வீடுங்கள்ல இது சாதாரணம். விளிம்பு வரிசை ஓட்டையும் முகட்டு ஓட்டையும் கம்பி போட்டுக் கட்டி கலவை வச்சிடுங்க, காத்து தூக்காது. சரிவு 30 டிகிரிக்குக் குறையாம பாத்துக்கோங்க.

மரத்துக்குப் புதுசா வெட்டவே வேண்டாம். வாணியம்பாடி, திருப்பத்தூர் பக்கம் பழைய ஓட்டு வீடு இடிக்கறாங்க இல்ல, அங்க பனங்கை, உத்திரம், நிலை, கதவு, ஓடு எல்லாமே கிடைக்கும், வைரம் பாஞ்ச பனங்கை அப்படியே ரெண்டாவது தலைமுறைக்கும் தாங்கும். புதுப் பனை வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும், அது நல்ல சட்டம், அந்தப் பக்கமே போகாதீங்க. மூங்கில் ஆசைப்பட்டா திறந்த கொட்டகைக்குப் பயன்படுத்துங்க. 2017ல சட்டம் திருத்தினதுக்கு அப்புறம் காட்டுக்கு வெளிய வளர்த்த மூங்கில் மரக் கணக்குல வராது, வெட்டவும் கொண்டு வரவும் முன்ன மாதிரி தொல்லை இல்ல. ஆனா போராக்ஸும் போரிக் ஆசிடும் கலந்த தண்ணியில ஊற வச்சுத்தான் எடுக்கணும், இல்லன்னா கொஞ்ச நாள்லயே வண்டு மாவாக்கிடும்.


வடாற்காடு_சிவில்:

சார், எல்லாரும் சுவரையும் கூரையையும் பேசறீங்க, நான் அதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் கேக்கறேன்.

ஒண்ணு அனுமதி. 1990லருந்து தமிழ்நாட்டுல மலைப்பகுதின்னு பட்டியல் போட்ட கிராமங்கள்ல கட்டடம் கட்ட ஹாக்கா, அதாவது மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தோட ஒப்புதல் வேணும். உங்க நிலம் எந்த வருவாய் கிராமத்துல வருதுன்னு பாத்து அது பட்டியல்ல இருக்கான்னு ஒரு செங்கல் வாங்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கோங்க. இருந்தா வனத்துறை, கனிமவளத் துறை, வேளாண் பொறியியல் துறை மூணு இடத்துலயும் கருத்து கேப்பாங்க, ஓடை பக்கத்துல கட்டக் கூடாது, சரிவு இவ்வளவுக்கு மேல இருந்தா கூடாதுன்னு நிபந்தனை வரும். அலைச்சல்தான், ஆனா அதுல கேக்கற கேள்வி ஒவ்வொண்ணும் நியாயமானது. அப்புறம் நிலம் மலைவாழ் மக்களுக்கு ஒப்படைப்பு செஞ்ச நிலமா இருந்தா கைமாத்தறதுக்கு தனிக் கட்டுப்பாடு இருக்கு, நிலம் யாருது, என்ன வகைன்னு காட்டற வருவாய்த் துறையோட பழைய 'அ' பதிவேடு வாங்கிப் பாருங்க.

ரெண்டாவது தண்ணி, அதாவது மேலருந்து வர்ற தண்ணி. 2024 ஃபெஞ்சல் புயல் ஞாபகம் இருக்கா? கடற்கரையில கரை ஏறினது, ஆனா உங்களுக்குப் பக்கத்துல ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் கொட்டிச்சு. திருவண்ணாமலையில அதே சமயத்துல மலைச்சரிவுல மண்ணும் பாறையும் உருண்டு வந்து வீட்டை மூடி 7 பேர் இறந்தாங்க, அதுல 5 பேர் குழந்தைங்க. உங்க நிலத்துல மேல பாறைன்னு எழுதியிருக்கீங்க. அந்தப் பாறையை ஒரு நிலவியல் தெரிஞ்சவர் ஏறிப் பாத்து, உதிரிக் கல் எதுவும் இல்ல, மண் பிடிப்பா இருக்குன்னு சொன்னாத்தான் கீழ கட்டணும். டீச்சர் நெருப்புக்குச் சொன்ன மாதிரிதான் இதுவும்.

சரிவை வெட்டி சமப்படுத்தவே பண்ணாதீங்க. ஜேசிபி ஒரு நாள் வந்தா போதும், நூறு வருஷமா உக்காந்த மண்ணு அடுத்த மழைக்கு இறங்கிடும். கட்டடத்துக்கு மேல்பக்கம் ஒரு கல் பாவின வாய்க்கால் வெட்டி வர்ற தண்ணியை ரெண்டு பக்கமும் திருப்பி விடுங்க. ஓடையிலருந்து எவ்வளவு தள்ளி நிக்கணும்னு ஊர்ப் பெரியவங்களைக் கேளுங்க, வெள்ளம் எது வரைக்கும் ஏறிச்சுன்னு அவங்களுக்குத் தெரியும்.

நல்ல பக்கமும் சொல்றேன். கூரை மொத்தம் 150 சதுர மீட்டர், வருஷத்துக்கு 900 மில்லிமீட்டர் மழைன்னு வச்சுக்கிட்டா, சிதறல் போக ஒரு லட்சம் லிட்டருக்கு மேல பிடிக்கலாம். வாளி வச்சுக் குளிச்சு, கையால ஊத்தற கழிப்பறையா இருந்தா ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் போதும், 56 பேருக்கு 2,800 லிட்டர், மூணு நாள் முகாமுக்கு 8,400. 30,000 லிட்டர் தொட்டி ஒண்ணு தரைக்குக் கீழ கல்லுல கட்டிட்டா கிணறு வத்தினாலும் மூணு முகாம் நடத்தலாம். முதல் மழைத் தண்ணியைத் தனியா வெளிய விட ஒரு குழாய் வைங்க, ஓட்டு மேல இருக்கற தூசி, எச்சம் எல்லாம் அதுல போயிடும். குடிக்கறதுக்குக் கொதிக்க வைங்க. தொட்டியில எவ்வளவு தண்ணி இருக்குன்னு காட்டற ஒரு அளவுகோலை வெளிய பசங்க கண்ணுல படற மாதிரி வச்சுப் பாருங்க, தினமும் காலையில ஒரு குழு போய் எழுதட்டும். தண்ணியைப் பத்தி நீங்க எடுக்கற வகுப்பை விட அது நல்லா பேசும்.

மண் கல் பத்தி ஒரு கருத்து. வேலு சார் மேல மரியாதை உண்டு, ஆனா மெஷின் வாடகை, ஏத்துக்கூலி, பயிற்சி ஆள் எல்லாம் சேத்தா சின்ன வேலைக்குக் கட்டுபடி ஆகுமான்னு கணக்குப் போட்டுக்கோங்க. கல்லு அங்கேயே கிடக்கும்போது ஒண்ணரை அடி கனத்துல கருங்கல் சுவர் ஜன்னல் மட்டம் வரைக்கும் எடுத்து, அதுக்கு மேல மட்டும் மண் கல் வச்சா கல்லு எண்ணிக்கை பாதியாயிடும். செங்கல்தான் கிடைக்குதுன்னா கேரளாவுல வேலை செஞ்ச கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பின எலிப்பொறிக் கட்டு போடுங்க, நடுவுல காலியா விட்டுக் கட்டறதால கிட்டத்தட்ட கால்வாசிக் கல்லு மிச்சம், சுவரும் குளுமையா இருக்கும்.


மண்சுவர்_வேலு:

சிவில் சார் சொன்ன கல்லும் மண்ணும் கலந்த சுவர் நல்ல யோசனை, ஏத்துக்கறேன். ஒண்ணு மட்டும். நீங்க வெளியூர் மேஸ்திரி கூட்டிட்டு வராதீங்க. மலையில மண் சுவர் வச்சுக் கட்டத் தெரிஞ்சவங்க இன்னும் இருக்காங்க, காலனி வீடு வந்ததுக்கு அப்புறம் அவங்களுக்கு வேலை இல்லாம போச்சு. அவங்க கையில கட்டினா பின்னாடி ஒரு சுவர் விரிஞ்சா பூசறதுக்கும் அவங்களே வருவாங்க. பெயிண்ட் கம்பெனி ஆளுக்கு ஃபோன் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்ல. கட்டும்போதே ஒரு திண்ணையை மட்டும் முடிக்காம விடுங்க, ஒவ்வொரு பேட்ச் பசங்களும் வந்து மண்ணை மிதிச்சு வைக்கோல் சேத்து ஒரு வரிசை ஏத்தட்டும், பாரம் தாங்கற சுவர்ல அவங்க கை வைக்க வேண்டாம், திண்ணை போதும்.


கூடாரம்:

நான் இருபது வருஷமா பசங்களை வெளிய கூட்டிட்டுப் போறேன், நீலகிரி, சத்தி, கொல்லிமலைன்னு. அக்காவா அண்ணனா தெரியல, சாமைக்காடுன்னே கூப்பிடறேன். என் பதில் கொஞ்சம் வேற மாதிரி இருக்கும், பொறுமையா படிங்க.

முதல் வருஷம் படுக்கற கட்டடமே கட்டாதீங்க. கழிப்பறை, தண்ணித் தொட்டி, சமையல் கட்டு, இந்த மூணு மட்டும் கட்டுங்க, நல்லா கட்டுங்க. பசங்க கேன்வாஸ் டென்ட்ல தூங்கட்டும், தரையை விட்டு ஒரு அடி உசரத்துல பலகை மேடை போட்டு. மழை வந்தா ஒதுங்க ஒரு ஓட்டுக் கொட்டகை. ஒரு வருஷம் ஓடினா அந்த நிலம் உங்களுக்கு எல்லாம் சொல்லிடும், ஆடியில காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குது, ஐப்பசியில தண்ணி எங்க தேங்குது, மார்கழியில எந்த மூலையில வெயில் முதல்ல விழுது, காட்டுப்பன்னி எந்த வழியா வருது, பசங்க எந்த மரத்தடியில தானா போய் உக்காருறாங்க. அதுக்கு அப்புறம் வரைபடம் போட்டா எட்டு குடிசை தேவைப்படாது, ரெண்டு கூடத்துலயே முடியும்னு நான் நம்பறேன். கட்டாம விட்ட கட்டடத்துக்கு சிமெண்டும் வேண்டாம், கம்பியும் வேண்டாம், பராமரிப்பும் வேண்டாம். பசங்க காட்டுக்கு வர்றது கட்டடத்துக்குள்ள உக்காரவா? புளிய மரத்தடி உங்களுக்கு ஏற்கெனவே இருக்கற வகுப்பறை, அதைச் சுத்தி வேர் மேல எதையும் பாவாம வட்டமா கல்லு போட்டா போதும்.

இப்போ கழிப்பறை. முகாம் நல்லா இருந்துச்சா இல்லையான்னு பசங்க வீட்டுல போய் சொல்றது இதை வச்சுத்தான். பொண்ணுங்க கழிப்பறை சரியில்லன்னு தண்ணியே குடிக்காம இருந்துடுவாங்க, ரெண்டு நாள் வெயில்ல நடக்கற பிள்ளை தண்ணி குடிக்கலன்னா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. பத்துப் பேருக்கு ஒண்ணுங்கற கணக்குல வைங்க, உள்ள கொண்டி, கொக்கி, ஒரு மூடி போட்ட கூடை, நாப்கின் எரிக்க வெளிய தனி இடம். படுக்கற இடத்துலருந்து கூப்பிடற தூரத்துல இருக்கணும், வழியில பாம்பு தெரியற அளவுக்குக் கீழ நோக்கின விளக்கு.

எந்த மாதிரின்னு கேட்டீங்க. ரெட்டைக் குழி முறை சுலபம், ஒரு குழி நிறைஞ்சா மூடிட்டு அடுத்ததுக்கு மாத்தறது, ரெண்டு வருஷத்துல முதல் குழி உரமாயிடும், ஊத்தறதுக்கு ரெண்டு லிட்டர் போதும். ஆனா உங்க இடம் பாறை. மண் ஆழம் இல்லன்னா கழிவுத்தண்ணி பாறை வெடிப்பு வழியா நேரா கிணத்துக்குப் போகும், அதனால குழி தோண்டிப் பாத்து மண் ஆழம் இருந்தா மட்டும், கிணத்துக்குக் கீழ்ப்பக்கமா நல்லா தள்ளி போடுங்க. ஆழம் இல்லன்னா தரைக்கு மேல கட்டற ஈகோசான் கழிப்பறை. சிறுநீர் தனி, மலம் தனி, மேல சாம்பல் போடணும், தண்ணி தனியா போகும். முசிறியில ஸ்கோப் அமைப்பு 2006லயே பொதுக் கழிப்பறையா இதைக் கட்டினாங்க, அதை நடத்தின சுப்புராமன் அவர்களுக்கு 2021ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. முடிஞ்சா ஒரு தடவை முசிறி போய் அவங்ககிட்ட பேசிட்டு வாங்க. அதுல ஒரு கஷ்டம் உண்டு, ரெண்டு நாளைக்கு வர்ற பசங்களுக்கு எங்க உக்காரணும், எங்க கழுவணும்னு சொல்லித் தரணும். நான் பாத்த வரைக்கும் வந்ததும் பத்து நிமிஷம் கூச்சப்படாம விளக்கிட்டா ஆறாவது பசங்க பெரியவங்களை விட ஒழுங்கா பயன்படுத்தறாங்க.

குளிக்கற தண்ணி, பாத்திரம் கழுவற தண்ணி ரெண்டையும் கூழாங்கல் படுகையில கல்வாழை நட்டு அது வழியா விட்டு வாழைக்குக் கொண்டு போங்க. எச்சில் சோறு வெளிய கிடக்கவே கூடாது, ஒரு ராத்திரி கிடந்தா மறு ராத்திரிலருந்து பன்னியும் குரங்கும் பழகிடும், கரடியும் வரலாம். சாணி எரிவாயுவை நம்பி சமையலை வைக்காதீங்க, 2 கன மீட்டர் கலத்துக்கு தினம் 50 கிலோ சாணி வேணும், அது ஒரு குடும்பத்துக்குத்தான் காணும். புகைபோக்கி வச்ச பெரிய அடுப்பும் சிலிண்டரும் ரெண்டும் வைங்க.


விண்மீன்_வாணியம்பாடி:

ஒரு விஷயம் யாரும் சொல்லல, அதான் உள்ள வர்றேன். நீங்க கட்டப் போற இடம் காவலூர் வைணு பாப்பு வான் ஆய்வகத்துக்குப் பக்கம். அங்க 1968லருந்து வானத்தைப் பாக்கறாங்க, 1986ல திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி நம்ம நாட்டுலயே கட்டினது. அந்த மலையைத் தேர்ந்தெடுத்ததுக்குக் காரணமே ஊர் வெளிச்சம் இல்லாத இருட்டும், நிலநடுக்கோட்டுக்குப் பக்கம்கறதால வடக்கு தெற்கு ரெண்டு வானமும் தெரியறதும்தான். தயவு செஞ்சு அந்த இருட்டைக் கெடுத்துடாதீங்க.

வெளி விளக்கு எல்லாம் இடுப்பு உசரத்துக்குக் கீழ, மேல மூடி போட்டு, வெளிச்சம் காலடியில மட்டும் விழற மாதிரி, மஞ்சள் நிற எல்இடி. வெள்ளை ஃப்ளட் லைட் ஒண்ணு கூட வேண்டாம், பூச்சியும் அதுக்குத்தான் வந்து சாகும், அந்தப் பூச்சியைத் தேடி தவளை வரும், தவளையைத் தேடி பாம்பு வரும். விளக்கு குறைஞ்சா சோலாரும் சின்னதா போதும். நம்ம பக்கம் 1 கிலோவாட் பேனலுக்கு ஒரு நாளைக்கு சுமாரா 4 யூனிட் வரும். 30 விளக்கு 7 வாட்ல நாலு மணி நேரம் எரிஞ்சா ஒரு யூனிட்டுக்குள்ள அடங்கிடும், கரண்ட் கம்மியா இழுக்கற 8 பிஎல்டிசி ஃபேன் ராத்திரி முழுக்க ஓடினா ரெண்டு யூனிட், சின்ன மோட்டர் அரை யூனிட். மேகம் மூடின நாளுக்கும் சேத்து 2 கிலோவாட்டும் நல்ல லித்தியம் பேட்டரியும் இருந்தா கம்பம் இழுக்கவே வேண்டாம். திறந்த மேடு, அதனால இடிதாங்கி கட்டாயம், அதுக்கு எர்த் குழி சரியா போட்டிருக்காங்களான்னு வருஷா வருஷம் பாருங்க.

திடல்ல பசங்க மல்லாந்து படுக்கற மாதிரி லேசான சரிவுல ஒரு புல்வெளி மட்டும் விட்டு வைங்க. டெலஸ்கோப் நாங்க கொண்டு வர்றோம், காசு வேண்டாம்.


டெல்டா_டீச்சர்:

கூடாரம் சார் சொன்ன டென்ட் யோசனை பிடிச்சிருக்கு, ஆனா டென்டும் துணிதான், அதுக்குள்ள ஒரு தீக்குச்சி கூட போகக் கூடாது. கேம்ப்ஃபயர் மூட்டற இடம் டென்ட்லருந்து எவ்வளவு தூரம்னு தரையில கல்லு வச்சு எல்லை போட்டுடுங்க. மாசி பங்குனியில மலையில புல் காஞ்சு கிடக்கும், காட்டுத்தீ வர்ற காலம், அந்த ரெண்டு மூணு மாசம் நெருப்பே வேண்டாம்னு வச்சிடுங்க. நிலத்தைச் சுத்தி தீத்தடுப்புக் கோடு எடுக்கணும்னா வனத்துறைகிட்ட கேட்டுட்டு எடுங்க.

சக்கர நாற்காலியில வர்ற பிள்ளை, பார்வை இல்லாத பிள்ளை எல்லாம் அரசுப் பள்ளியில உங்ககிட்ட வருவாங்க. ஒரு கழிப்பறை, ஒரு படுக்கற இடம், புளிய மரத்தடி வரைக்கும் ஒரு பாதை, இது மூணும் படி இல்லாம இருக்கட்டும். சரிவு நிலம்கறதால பின்னாடி சேக்க முடியாது, முதல் வரைபடத்துலயே வேணும்.


சாமைக்காடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து சாயங்காலம் குழு உக்காந்து ஒவ்வொரு பதிலையும் சத்தமா படிச்சோம். ஸ்டீல் ரூம் யோசனையை விட்டாச்சு, எட்டு வட்டக் குடிசையையும் விட்டாச்சு. இந்த வாரம் தாலுகா ஆபீஸ்ல அ பதிவேடு கேக்கப் போறோம், ஹாக்கா பட்டியலையும் பாக்கறோம். நிலவியல் படிச்ச ஒரு ஓய்வு பெற்ற பேராசிரியர் பாறையை வந்து பாக்க ஒத்துக்கிட்டார், அவர் சரின்னு சொல்லாம ஒரு கல்லும் நட மாட்டோம்.

அவர் சரின்னு சொல்லி அனுமதியும் வந்தா முதல் தவணைப் பணத்துல தொட்டி, கழிப்பறை, சமையல் கட்டு, மழைக்கு ஒதுங்க ஒரு ஓட்டுக் கொட்டகை. தூங்கறது டென்ட்லதான். கூடம் ரெண்டும் அதுக்கு அடுத்த வருஷம், கீழ கருங்கல் மேல மண் கல், ரெண்டடுக்கு ஓடு, ரெண்டு வாசல். டீச்சர் சொன்ன படியில்லாத பாதையை இப்பவே கயிறு பிடிச்சு அளந்து குறிச்சிடறோம்.

வேலு தோழர், பாட்டில்ல மண் போட்டுப் பாத்தேன், கிணத்துக்குப் பக்கம் எடுத்த மண்ணுல களி பாதிக்கு மேல இருக்கற மாதிரி தெரியுது, மேட்டுல எடுத்ததுல மணலே ஜாஸ்தி. ரெண்டையும் கலந்தா ஆகுமா, இல்ல வெளியிலருந்து எம்சாண்ட் வாங்கித்தான் ஆகணுமா?


மண்சுவர்_வேலு:

கலந்தாலே ஆகும், எம்சாண்ட் வேண்டாம். மேட்டு மண் ரெண்டு பங்கு, கிணத்து மண் ஒரு பங்கு எடுத்து நல்லா சலிச்சு அதே பாட்டில்ல மறுபடியும் போட்டுப் பாருங்க, களி அஞ்சுல ஒரு பங்குக்குப் பக்கம் வர்ற வரைக்கும் அளவை மாத்துங்க. அப்புறம் சிமெண்ட் சேக்காம கையால நாலு உருண்டை பிடிச்சு நிழல்ல காய வைங்க, வெடிப்பு விட்டா களி ஜாஸ்தி, தேச்சா உதிர்ந்தா களி கம்மி. கிணத்துப் பக்கம் குழி எடுக்கும்போது கிணத்து ஓரத்தை ஒட்டித் தோண்டாதீங்க, கரை சரிஞ்சிடும், நல்லா தள்ளியே எடுங்க. உருண்டை காஞ்சதும் ஃபோட்டோ போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.